எரிவாயுக் குழியில் நான் போட்ட பச்சை

என் எழுத்து கோணலாக இருக்கும், மன்னிக்க வேண்டும். ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். ஒற்று எங்கே வரும் என்பது அப்போதே சரியாகத் தெரியாது, இப்போது சுத்தமாகத் தெரியாது. எந்த வருஷம், எந்த மாசம் என்று கேட்டால் மறந்துபோகிறது. ஆள் எதிரில் நின்று கேட்டால் ஞாபகம் இருப்பதும் வாயில் வராது. அதைப் பார்த்துவிட்டுத்தான் மருமகள் ஒரு நோட்டைக் கொடுத்து, "நீங்க பேச வேணாம், எழுதுங்க" என்றாள். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது போகிறது.

நான் ஆம்பூர்ப் பக்கம் ஒரு முனிசிபல் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தேன். பிள்ளைகள் ஆயா என்றுதான் கூப்பிடும். வயசை வைத்து அல்ல, அந்த வேலையின் பேரே அதுதான். வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முப்பதுகூட ஆகவில்லை.

அடுப்படி சின்னது. மேலே ஆஸ்பெஸ்டாஸ், ஒரே ஒரு ஜன்னல். வேலிகாத்தான் விறகு வந்து இறங்கும். மழைக்காலத்தில் அது ஈரமாகவே வரும். எரியாது, நுனியில் நுரை தள்ளிக்கொண்டு அழும். கூடவே நானும் அழுவேன். ஊதி ஊதி அண்டாவில் உலை கொதிப்பதற்குள் மூக்குக்கு உள்ளே கரி படிந்துவிடும். துணை வேலைக்கு இருந்தவள் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, முஸ்லிம் வீட்டுப் பெண், என்னைவிட நாலைந்து வயசு சின்னவள். அவளுக்கு வாய் ஜாஸ்தி. எனக்குச் சேர்த்தும் அவளே பேசுவாள்.

தொண்ணூறுகள் பாதி தாண்டியபோது எனக்கு இருமல் வந்தது. வந்தது போகவே இல்லை. அரிசி மூட்டையைத் தூக்கினால் இளைப்பு, படி ஏறினால் இளைப்பு. வேலூருக்குப் போய் ஆஸ்பத்திரியில் காட்டினேன். டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "பீடி பிடிப்பீங்களா?" என்றார்.

எனக்கு வெட்கத்தில் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "இல்லைங்கம்மா, சோறு ஆக்கறேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஒண்ணு அந்தப் புகையை விடுங்க, இல்ல அந்த வேலையை விடுங்க. ரெண்டும் வச்சிக்கிட்டா நுரையீரல் தாங்காது" என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த இரண்டு வார்த்தைதான் காதில் இருந்தது. வேலையை விட எனக்கு இஷ்டமில்லை. வீட்டை விட்டு வெளியே வந்து நான் பயப்படாமல் நின்ற ஒரே இடம் அந்த அடுப்படிதான். அங்கே யாரும் என்னைப் பேசச் சொல்ல மாட்டார்கள். புகையை எப்படி விடுவது என்றும் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஓட்டினேன்.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச நாள் இருக்கும். எங்கள் முனிசிபாலிட்டிக்குப் புதிதாக ஒரு இன்ஜினியர் சார் வந்தார். தெற்கத்திக்காரர், ஒல்லியாக, எப்போதும் கையில் ஒரு பைலோடு இருப்பார். அதுவரைக்கும் மார்க்கெட்டில் அழுகின தக்காளி, முட்டைக்கோஸ் இலை எல்லாவற்றையும் டிராக்டரில் ஏற்றிப் பாலாற்றங்கரையில் கொட்டிக் கொளுத்துவார்கள். இனிமேல் கொட்டக் கூடாது, கொளுத்தவும் கூடாது என்று கவுன்சிலில் தீர்மானம் போட்டார்களாம். சென்னையில் கவர்மெண்டும் ஒரு திட்டம் வைத்திருந்ததாம். இரண்டையும் சேர்த்து, மார்க்கெட் கழிவை வைத்து ஒரு பள்ளிக்கூட அடுப்பை எரித்துக் காட்டுவது என்று முடிவாயிற்று. அந்த ஒரு பள்ளிக்கூடம் எங்களுடையது. பின்பக்கம் காலி இடம் இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சத்துணவு அமைப்பாளர் அம்மாவையும் எங்கள் இருவரையும் மரத்தடியில் நிற்கவைத்து சார் விளக்கினார். குப்பை மேட்டில் கிடந்து தானாக அழுகும்போது அதிலிருந்து ஒரு வாயு கிளம்புமாம். கண்ணுக்குத் தெரியாது. மேலே போய் நின்றுகொண்டு, பூமியின் சூட்டை வெளியே போக விடாமல் பிடித்துக்கொள்ளுமாம். அதையே ஒரு குழிக்குள் அடைத்து அடுப்பில் எரித்துவிட்டால் அந்தக் கெடுதல் கம்மி, விறகும் மிச்சம் என்றார்.

துணைக்காரி உடனே, "நம்ம ஊர் வெயிலு பத்தாதுன்னு இன்னும் வேற ஜாஸ்தி ஆவுதா சார்?" என்றாள்.

"அதைத்தாம்மா சொல்றேன்."

"பேர் இன்னா சார் அதுக்கு?"

"கோபர் கேஸ்."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "எங்க பாஷைல கோபர்னா சாணி சார். சாணி கேஸ்ல பிள்ளைங்களுக்குச் சோறா?"

அமைப்பாளர் அம்மா அவளை முறைத்தார். எனக்கு அந்தச் சூடு, வாயு எல்லாம் பாதிதான் புரிந்தது. 'புகை இருக்காது' என்று அவர் சொன்ன ஒரு வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

கோடை லீவில் குழி கட்டினார்கள். வட்டமான கிணறு மாதிரி ஒரு தொட்டி, அதன் மேல் கவிழ்த்துவைத்த பெரிய இரும்புத் தொப்பி. உள்ளே வாயு சேர்ந்தால் தொப்பி மேலே எழும்பும். எரிக்க எரிக்க இறங்கும். தொப்பி எழும்பி நிற்பதைப் பார்த்தாலே இன்றைக்குச் சமையல் ஆகிவிடும் என்று தெரிந்துவிடும். முதலில் வண்டி வண்டியாகச் சாணி கரைத்து ஊற்றிக் காத்திருந்தோம். பிறகு தினம் காலையில் முனிசிபாலிட்டி தள்ளுவண்டி மார்க்கெட் அழுகலைக் கொண்டுவந்து கொட்டும். அதை நறுக்கித் தண்ணீர் விட்டுக் கலக்கி உள்ளே தள்ளுவது என் வேலை. நாற்றம்தான். ஆனால் தோல் பதனிடுகிற டேனரிகள் நிறைந்த எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு நாற்றம் ஒரு விஷயமா?

முதல் நாள் அடுப்பு பற்றியபோது நீலமாக எரிந்தது. சத்தம்கூட இல்லை. அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று நான் வேண்டுமென்றே ஆழமாக மூச்சு இழுத்துப் பார்த்தேன். பருப்பு வாசனை மட்டும் வந்தது. இத்தனை வருஷம் நான் ஆக்கின பருப்புக்கு அப்படி ஒரு வாசனை இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

மூன்று நாலு மாசத்தில் இருமல் பாதி குறைந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுமோ என்று பயம்.

அப்புறம்தான் அந்த லாரி ஸ்டிரைக் வந்தது. மார்க்கெட்டுக்குக் காய் வரவில்லை. காய் இல்லை என்றால் அழுகலும் இல்லை. தள்ளுவண்டிக்காரர் வெறும் வண்டியோடு வந்து கையை விரித்துவிட்டுப் போனார். தொப்பி தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. அதே மாசக் கடைசியில் சென்னையிலிருந்து ஒரு மேடம் பார்க்க வருவதாக இருந்தது. அவர் நல்லபடி எழுதினால் கேஸ் அடுப்பு நிலைக்கும், மற்றப் பள்ளிக்கூடங்களுக்கும் வரும். இல்லையென்றால் இரும்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், பழையபடி விறகுதான். அமைப்பாளர் அம்மா இதைச் சொன்னதிலிருந்து நான் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாரிடம் துணைக்காரி கேட்டாள். அவர் அவசரமாக எங்கோ கிளம்பிக்கொண்டிருந்தார். "வெந்தது கம்மியா போடுங்க. பச்சையா எது கிடைச்சாலும் போடலாம். பச்சை நிறையப் போடுங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

பச்சை. எங்கள் ஊரில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று தெற்கத்திக்காரருக்கு எப்படித் தெரியும்? என் வீட்டுக்காரர் தோல் மண்டியில் வேலை பார்த்தார். அறுத்த இடத்திலிருந்து வந்த தோலுக்கு உப்புப் போட்டு அடுக்கிவைத்து டேனரிகளுக்கு அனுப்புகிற இடம். டேனரிக்குப் போய்ப் பதமாகிற வரைக்கும் அந்தத் தோலுக்குப் பேர் பச்சை. "பச்சை இறங்கிச்சா?" "இந்த வாரம் பச்சை கம்மி." காலையில் எழுந்தால் எங்கள் வீட்டில் காதில் விழுவது இதுதான். அந்தத் தோலின் காது, வால், கால் ஓரம் எல்லாவற்றையும் அவர் கத்தியால் சீவித் தள்ளுவார். பசை காய்ச்சுகிறவர்கள் லாரி வைத்து அள்ளிக்கொண்டு போவார்கள். ஸ்டிரைக்கில் அந்த லாரியும் வரவில்லை. மண்டி மூலையில் சீவல் குவிந்து கிடந்தது.

எனக்குத் தலைக்குள் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. சாணி மாட்டோடது. தோலும் மாட்டோடது. சாரே சொல்லிவிட்டார். அன்று சாயந்திரம் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"ஏங்க, சீவல் தினம் ரெண்டு பக்கெட் வேணும்."

"இன்னாத்துக்கு? பசை காய்ச்சப் போறியா?"

"கேஸுக்குப் போடணும். சார் சொன்னார்."

"இன்ஜினியர் சொன்னாரா? அப்ப எடுத்துக்கினு போ. இங்க நாறிக்கினு கெடக்குது" என்றார்.

சாரிடம் இன்னொரு தரம் கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. மூன்று நாள் விடிந்ததும் போய், பக்கெட் பக்கெட்டாகப் போட்டேன். துணைக்காரி வருவதற்கு முன்னாலேயே போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டேன். ஒளித்துச் செய்யவில்லை. நானாக யோசித்து ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறேன், தொப்பி எழும்பட்டும், அப்புறம் சொல்லலாம் என்று இருந்தேன்.

தொப்பி எழும்பியது. இரண்டாம் நாளே கொஞ்சம் உயர்ந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்றாம் நாள் தீக்குச்சியைக் கிழித்து வைத்தால் அடுப்பு பற்றவில்லை. புஸ் என்று காற்று வருகிறது, நெருப்புப் பிடிக்கவில்லை, குச்சிதான் அணைகிறது. ஒரு பெட்டிக் குச்சியும் தீர்ந்தது. அடுத்த இரண்டு நாளில் தொப்பி அப்படியே உட்கார்ந்துவிட்டது. குழியிலிருந்து புளித்த வாடை வந்தது.

பிள்ளைகள் தட்டோடு நிற்கிறது. அமைப்பாளர் அம்மா ஒரு வண்டி விறகுக்குச் சொல்லி அனுப்பினார். வந்தது ஈர விறகு. நான் அதன் முன்னால் உட்கார்ந்து ஊதினேன். மத்தியானத்துக்குள் நெஞ்சுக்குள் பழைய இரைச்சல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினேன். துணைக்காரி முதுகைத் தடவிக்கொண்டே, "இன்னாக்கா இது பேஜாரு. அந்தக் குழிக்கு இன்னா வந்துது?" என்றாள். அவளிடம்தான் முதலில் சொன்னேன், சீவல் போட்டதை. அவள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"சாரு கிட்ட சொல்லிடுக்கா."

"நீ சொல்லேன்."

"நான் சொன்னா காட்டிக்குடுத்த மாதிரி ஆயிடும். நீ சொல்லு, நான் பக்கத்துல நிக்கறேன்."

மறுநாள் சார் வந்தார். முனிசிபாலிட்டியில் அவரை நன்றாகக் காய்ச்சியிருக்கிறார்கள் போலிருக்கிறது, முகம் வாடிப்போயிருந்தது. கொத்தனாரைக் கூட்டிவந்து குழியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எங்கேயோ விரிசல் விட்டிருக்கு. தொட்டிச் சுவரை உடைச்சுத்தான் பாக்கணும்" என்றார். கொத்தனார் கடப்பாரையை எடுத்துவரப் போனார். உடைத்தால் மேடம் வருவதற்குள் திரும்பக் கட்ட முடியாது. எனக்கு அது மட்டும் தெரிந்தது. அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு கிட்டே போனேன்.

"சார், நான் பச்சை போட்டேன் சார்."

"நல்லதுதானேம்மா" என்றார், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ரெண்டு ரெண்டு பக்கெட். மூணு நாளு."

"இன்னும்கூடப் போட்டிருக்கலாம். அதனால ஒண்ணும் இல்லம்மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளதைச் சொல்லியும் அவர் நல்லது என்கிறார். "மாட்டோட பச்சை சார்" என்றேன்.

"மாடு பச்சைதானே தின்னும்?"

துணைக்காரிக்குப் பொறுக்கவில்லை. "சார், அக்கா சொல்றது கீரை இல்ல சார். தோலு. மாட்டுக் காது, மாட்டு வாலு. எங்க ஊர்ல அதான் சார் பச்சை!"

சார் மெதுவாகத் திரும்பினார். என்னைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். "உப்புப் போட்ட தோலா?"

"உப்பு இல்லாம தோலு எப்படி சார் நிக்கும்? அழுகிப்போயிடும்ல" என்றேன். பயத்தில் அத்தனை வார்த்தை எப்படி வந்ததோ தெரியாது.

"அதேதாம்மா" என்று அவர் அங்கே கிடந்த செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். "அழுகாம இருக்கத்தானே தோலுக்கு உப்பு. இதுக்குள்ள இருக்கற நுண்ணுயிர் அழுகவச்சாத்தானே நமக்கு கேஸ். நீங்க உள்ள போய் ஊறுகாய் போட்டுட்டீங்க."

திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்தேன். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தார். கொத்தனார் கடப்பாரையோடு வந்து புரியாமல் நின்றார். "கொண்டுபோய் வைங்க அண்ணே. சுவர் நல்லா இருக்கு. நாம கட்டினது நல்லா இருக்கு" என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, தான் கட்டினது தப்பாகிவிட்டதே என்று அவரும் இத்தனை நாள் தூங்காமல் இருந்திருக்கிறார். நான் வாயைத் திறக்காததால் வந்தது அது.

"என் மேலயும் தப்பு இருக்கும்மா. பச்சைன்னா ஊருக்கு ஒரு அர்த்தம் இருக்கும்னு நான் யோசிக்கல" என்றார்.

அன்றைக்கே வேலை தொடங்கியது. தொப்பியைக் கப்பி போட்டுத் தூக்கினார்கள். நீளக் கழியில் கொக்கி கட்டிக் காதையும் வாலையும் ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டோம். என் வீட்டுக்காரரும் வந்து நின்றார். "நல்லா வெட்டிக் குடுத்தேன் பாரு, எண்ணி எடுத்துக்கலாம்" என்று அவர் பங்குக்குக் கிண்டல். உள்ளே இருந்ததில் பாதிக்கு மேல் இறைத்து வெளியே எடுத்துவிட்டு, சுத்தமான தண்ணீர் ஊற்றினோம். தண்ணீர் எங்கள் ஊரில் லேசில் கிடைக்காது. குழாயில் உப்புத் தண்ணீர்தான் வரும், அது ஆகாது என்று சார் முனிசிபாலிட்டி டேங்கர் ஒன்றை அனுப்பினார். புதுச் சாணி கரைத்து ஊற்றினோம். அதன் பிறகு ஒன்றும் போடக் கூடாது, காத்திருக்க வேண்டும் என்றார்.

பதினைந்து நாளுக்கு மேல் காத்திருந்தோம். அத்தனை நாளும் விறகு. துணைக்காரி என்னை அடுப்புக்கு முன்னால் உட்கார விடவில்லை. "நீ போய் அந்தத் தொப்பியப் பாத்துக்கினு ஒக்காருக்கா" என்று விரட்டுவாள். நான் அரிசி களைந்துகொண்டே அதைப் பார்ப்பேன். ஒரு நாள் இரண்டு விரல் உயர்ந்த மாதிரி இருந்தது. கண்ணை நம்பாமல் தொட்டி விளிம்புக்கு நேராகத் தொப்பியில் செங்கல்லால் ஒரு கோடு போட்டுவைத்தேன். மறுநாள் கோடு மேலே போயிருந்தது. சார் வந்து பார்த்துவிட்டு, முதலில் சேர்ந்த வாயு சரியாக எரியாது என்று அதைத் திறந்து வெளியே விட்டார். மறுபடி சேர்ந்ததும்தான் பற்றவைக்கச் சொன்னார். குச்சியை அவரும் வாங்கவில்லை, அமைப்பாளர் அம்மாவும் வாங்கவில்லை. "நீங்களே" என்றார்கள். அவசரத்தில் இரண்டு குச்சி ஒடிந்தது. மூன்றாவதில் பிடித்தது. நீலம். துணைக்காரி "அல்லா" என்றாள், நான் "ஆண்டவரே" என்றேன், இரண்டு பேரும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

ஸ்டிரைக்கால் மேடத்தின் வருகையும் ஒரு வாரம் தள்ளிப்போயிருந்தது. அதற்குள் ஸ்டிரைக் முடிந்து தள்ளுவண்டியும் வர ஆரம்பித்தது. மேடம் வந்த அன்று அடுப்பு நன்றாக எரிந்தது. சாம்பார் கொதித்தது. எல்லாம் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். "நீங்கதான் இதைப் பாத்துக்கறீங்களா? என்னென்ன போடுவீங்க?"

சார் பைலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னேன்: "காய்கறி அழுகல், மீந்த சோறு, சாணி. தோல் மட்டும் போடக் கூடாதுங்க மேடம்."

"அப்படியா? வாழைப்பழத் தோல்கூடவா?"

துணைக்காரி அண்டாவுக்குப் பின்னால் மறைந்துவிட்டாள். சாருக்கு இருமல் வந்துவிட்டது. "அது போடலாங்க மேடம்" என்றேன். மேடம் அதையும் எழுதிக்கொண்டார்.

அந்த மாசக் கடைசியில் காகிதம் வந்தது. அடுப்பு இருக்கும். அடுத்த வருஷம் ஊரில் இன்னும் சில பள்ளிக்கூடங்களுக்கும் குழி கட்டினார்கள். பேரணாம்பட்டுப் பக்கமிருந்து சமையல் ஆயாக்கள் வந்து எங்களுடையதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் விறகைத் தொடவில்லை. கடைசியாக வேலூர் போனபோது டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, "வேலையை விட்டுட்டீங்களா?" என்றார். "இல்லைங்கம்மா, புகையை விட்டுட்டேன்" என்றேன். அந்த ஒரு நாள் மட்டும் எனக்குச் சரியான நேரத்தில் வாய் வந்தது.

நான் எழுதினதில் தப்பு இருக்கலாம். அந்த வாயுவின் சரியான பேர், அது சூட்டைப் பிடிக்கும் என்று சார் சொன்ன விதம், தீர்மானம் போட்டது ஸ்டிரைக்குக்கு எத்தனை நாள் முந்தி என்பது எல்லாம் எனக்கு நிச்சயமில்லை. கோடையில் குழி கட்டினார்கள் என்று எழுதியிருக்கிறேன், அது முந்தின வருஷக் கோடையாகவும் இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் இப்போது இருக்கும் டீச்சர் யாராவது பழைய ரிஜிஸ்டரை எடுத்து ஒரு தரம் சரிபார்த்துத் திருத்திக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும். என்னைக் கூப்பிட்டு நேரில் கேட்க வேண்டாம், ஒரு காகிதத்தில் எழுதி மருமகளிடம் கொடுத்தால் போதும்.